தள்ளி வைத்த டவர்

பல் செட் செய்து பிழைக்கிறவருக்கு விமானத்தோடு என்ன வேலை என்று மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். பகல் முழுக்க லேபில் மெழுகும் பிளாஸ்டரும். வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டரில் ஊர் விமானத் தளம். விமானம் ஓட்டும் அந்த விளையாட்டில் கம்பெனிக்காரன் வெறும் ஓடுபாதையை மட்டும்தான் கொடுத்திருந்தான். கொட்டகை, பெட்ரோல் வண்டி, வேலி, காவலாளியின் சைக்கிள் வரைக்கும் ஒவ்வொன்றாக வைத்தது இவர். ஒரு மரம் அரை அடி அந்தரத்தில் நின்றாலும் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

மகள் விமானப் பயிற்சியில் சேர்ந்த பிறகு அந்த விளையாட்டுக்கு வீட்டில் மரியாதை வந்தது. ஓடுபாதையின் ஒரு முனைக்கு அப்பால் குளம், மறுமுனைக்கு அப்பால் ஆலை. பயிற்சி கிளப்பில் எப்போதும் குளத்துப் பக்கமிருந்துதான் இறங்கப் பழக்கினார்கள். ஆலைப் பக்கத்தை அவள் வீட்டில் பழகினாள். அங்கே இறங்கும் வழியை ஒட்டி, நிஜத்தில் இருப்பது போலவே, ஒரு செல்போன் டவர். நாலு தடவை அதில் இடித்தாள். நாலாவது தடவை அழுதுவிட்டாள்.

"எனக்கு இது வராதுப்பா. விட்டுடறேன்."

பெற்ற மனசு தாங்கவில்லை. மறுநாள் அவள் குளிக்கப் போன நேரம், டவரை மவுசால் பிடித்து வழியை விட்டு இருநூறு மீட்டர் தள்ளி வைத்தார். கொஞ்சம் தைரியம் வரட்டும், நாலு நாளில் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடலாம் என்று நினைப்பு. அன்றைக்கு அவள் அலுங்காமல் இறங்கினாள்.

"பயந்ததுதான்பா தப்பு. டவர் எவ்வளவு தள்ளி இருக்கு பாருங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்தே எத்தனையோ நாளாகியிருந்தது. நாலு நாள் நாற்பது நாளாயிற்று.

அவள் முதன்முதலாகத் தனியாகப் பறக்கும் சாயங்காலம், அரை நாள் லீவு போட்டுவிட்டு வேலியோரம் போய் நின்றார். விமானம் ஏற்கனவே மேலே போயிருந்தது. காற்றைக் காட்டும் துணிக்குழாய் எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தது. பக்கத்தில் நின்ற பயிற்சியாளரிடம் கேட்டார்.

"எந்தப் பக்கம் இறங்கப் போறா சார்?"

"ஆலைப் பக்கம்தான். காத்து மாறிடுச்சே, எதிர்காத்துலதான இறங்கணும்."

"அந்தப் பக்கம் அவ இறங்கினதே இல்லையே."

"நானும் அதான் யோசிச்சேன். அப்பா செஞ்ச ஏர்போர்ட்ல நூறு தடவை இறங்கியிருக்கேன், டவர் முதக்கொண்டு அச்சு அசலா இருக்குன்னா. அந்த தைரியத்துலதான் அனுப்பினேன்."

குளத்துக்கு மேலே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இறங்கும்போது அவள் கண்ணில் நேராக அடிக்கும்.

"சார், அந்த டவரை நான் தள்ளி வச்சிட்டேன்."

பயிற்சியாளருக்குப் புரியவில்லை. "எந்த டவரை?"

"விளையாட்டுல சார். நிஜத்துல அது வழியிலதான் இருக்கு. ரேடியோல சொல்லுங்க. அவ நம்ப மாட்டா, அப்பாவே சொன்னாருன்னு சொல்லுங்க."

பயிற்சியாளர் ரேடியோ அறைக்கு ஓடினார். ஆலைக் கூரைக்கு மேலே விமானம் திரும்பி, கொஞ்சமும் பயமில்லாமல் தாழ்ந்து வந்தது.