எதிர் நாற்காலி

முப்பத்தோர் ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்து, துறைத்தலைவராக ஓய்வு பெற்றவன் நான். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. சோதித்து அறியாத எதையும் மேடையிலோ தாளிலோ நான் சொன்னதில்லை. அந்தத் தகுதியில் நின்றே என் தம்பியைப் பற்றி இந்நினைவு மலரில் எழுதுகிறேன்.

ஓட்டப்பிடாரத்துக்கு மேற்கே, வானம் பார்த்த கரிசலில் பருத்தி விதைத்த வீட்டில் தம்பி பிறந்தார். மழை பொய்த்த ஆண்டுகளில்தான் சட்டம் பயின்றார். கோவில்பட்டியில் வீட்டின் முன்னறையே அவருடைய அலுவலகம். உடன் ஒரே குமாஸ்தா. குற்றவியல் வழக்குகளையும் மேல்முறையீடுகளையும் தவிர வேறெதையும் அவர் ஏற்றதில்லை.

எட்டயபுரம் பக்கம் மிளகாய்க் காட்டில் ஒருவர் கொலையுண்டு கிடந்தார். அடுத்த காட்டுக்காரருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவருடைய மேல்முறையீட்டைத் தம்பி ஏற்ற மறுநாள், இறந்தவரின் மனைவி வாசலில் வந்து நின்றார். நான் அப்போது அங்கிருந்தேன்.

"வக்கீலய்யா, நீங்க யாருக்கு வேணும்னாலும் பேசுங்க. ஆனா செத்தவியள முன்னால உக்கார வச்சுப் பேசுங்க. அவிய மொகத்தப் பாத்துச் சொல்லுங்க, அவன் கொல்லலன்னு."

அன்றே தம்பி தம் மேசைக்கு எதிரே ஒரு மர நாற்காலியை இட்டு, வழக்குக் கட்டை முதல் தாளிலிருந்து அதனிடம் உரக்க வாசிக்கத் தொடங்கினார். அதில் வேறு எவரையும் அமரவிட்டதில்லை.

பிரேத விசாரணை அறிக்கையின் இரண்டாம் பக்கத்தை வாசிக்கும்போதெல்லாம் நாற்காலி முனகியது. குமாஸ்தா சிரிக்கத்தான் முயன்றார்.

"உசுரோட இருக்கவனே வாய்தாவுக்கு வரமாட்டேங்கான் சார். இவிய தவறாம வந்துருதாவ!"

நாற்காலியின் கால்களையும் தரையையும் நானே சோதித்தேன். குறையேதும் இல்லை. மறுநாள் நண்பகலில், அதே பக்கத்தில், மீண்டும் முனகியது.

அந்தப் பக்கத்தில் ஒரு வரி: இறந்தவரின் பாதங்களில் மண் இல்லை. கொலை நடந்த அன்று மாலை முழுவதும் மழை. ஈரக் கரிசலில் பத்தடி நடந்தவன் காலில் மண் செருப்புப் போல் அப்பிக்கொள்ளும். அவரைக் காட்டுக்குள் விரட்டி அடித்ததைப் பார்த்ததாகச் சொன்ன சாட்சி பொய் என்று தம்பி மதுரையில் வாதிட்டார். தண்டனை பெற்றவர் விடுதலையானார்.

தீர்ப்புக்குப் பின் அந்த அம்மையார் மீண்டும் வந்தார். நாற்காலியையே நெடுநேரம் பார்த்தார்.

"கொன்னவன் வெளியதான இருக்கான். அவிய இன்னும் எந்திரிக்கல" என்று மட்டும் சொல்லிப் போனார்.

நாற்காலி அங்கேயே இருந்தது. தம்பி ஒவ்வொரு நாளும் அதற்கு வணக்கம் சொல்லியே வேலையைத் தொடங்கினார்.

இந்தச் சித்திரையில் நோய் முற்றித் தம்பி உள்ளறையில் எழ முடியாமல் கிடந்தார். படுத்த பதினோராம் நாள் காலை நான் கதவைத் திறந்தபோது, முன்னறை நாற்காலி அவர் தலைமாட்டில் இருந்தது.

"அண்ணே, சத்தம் போடாதிய. அவிய வாசிச்சுக் காட்டுதாவ" என்றார் தம்பி. நண்பகலில் காலமானார்.

மருத்துவம் பார்த்தோருக்கும், தோள் கொடுத்த வழக்கறிஞர்களுக்கும், குமாஸ்தாவுக்கும், எட்டயபுரத்திலிருந்து வந்து கடைசிவரை நின்ற அந்த அம்மையாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டுள்ளது.

ஊரில் உலவும் பேச்சைத் திருத்துவது என் கடமை. கொலைகாரனைத் தப்பவிட்டதால் இறந்தவர் தம்பியைக் கொண்டுபோனார் என்பது பொய். விடுதலையானவர் கொலை செய்யவில்லை. தம்பி அஞ்சி இறந்தார் என்பதும் பொய். நாற்காலியை உள்ளே கொண்டுபோய் வைத்தவன் நான் என்று உறவினர் சிலர் கூறுவதும் தவறு. நான் வைக்கவில்லை.