துபாஷி சில்வெஸ்டரின் கடைவாய்ப்பல்

மர்பி டவுனில் அந்தக் காலத்தில் நாலைந்து சில்வெஸ்டர்கள் இருந்தார்கள். ‘கோர்ட்டு சில்வெஸ்டர்’ என்று கேட்டால்தான் சரியான வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். கண்டோன்மென்ட் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அவர் துபாஷி. சாட்சி சொல்வது தமிழோ கன்னடமோ தக்னி உருதுவோ, எதுவானாலும் துரைக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். துரை கேட்பதைச் சாட்சிக்குப் புரிகிற பேச்சில் திருப்ப வேண்டும்.

இத்தனை பாஷையையும் அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. அப்பா பட்டாளத்து மெஸ்ஸில் சமையல்காரர். மெஸ்ஸின் பின்கட்டில் கறி கொண்டுவரும் பாய்மார்களிடம் தக்னி வந்தது, காய்கறிக்காரிகளிடம் கன்னடம் வந்தது. இங்கிலீஷ் மட்டும் சர்ச் ஸ்கூலில் பாதிரியாரின் பிரம்பு கொடுத்தது. தொண்டை கர்த்தர் கொடுத்தது. பூசையில் அவர் வாசகம் படித்தால் கடைசிப் பெஞ்சில் தூங்குகிறவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. எந்தச் சாட்சியையும் “என்ன சொன்னே?” என்று இரண்டாம் தடவை கேட்டதில்லை. துரையின் மேஜைக்குப் பக்கத்தில், கூண்டிலிருந்து பத்தடி தள்ளி நிற்பார். சாட்சி வாயை மூடுமுன் இங்கிலீஷ் வந்து விழும். ஹெட் கிளார்க் அனந்தபத்மநாபன்கூட, “ஓய், சாட்சி நினைக்கறத்துக்கு முன்னாடியே நீர் சொல்லிடுவீர் போலிருக்கே” என்பார்.

1928ஆம் வருஷம், ஆடி மாதத்துத் தூறலில், அவருடைய இடது கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தை விழுந்து உயிரை எடுத்தது. தியோடர் என்ற பல் டாக்டரிடம் போனார். டாக்டர் கெட்டிக்காரர். கொஞ்சம் மல்லுக்கட்டித்தான் பல் வந்தது. பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு, “ரெண்டு நாள் வாயைப் பலமாக் கொப்புளிக்கக் கூடாது. சுருட்டைத் தொடவே கூடாது” என்றார்.

சில்வெஸ்டர் தலையை ஆட்டினார். சாயங்காலமே ரத்தச் சுவை பிடிக்காமல் வெந்நீரில் உப்புப் போட்டுக் கன்னம் வீங்கக் கொப்புளித்தார். அதற்கு மேல், “ஒரே ஒரு இழுப்பு” என்று சுருட்டையும் பற்றவைத்தார். மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் வந்தது வலி. பல் இருந்த இடத்தில் தொடங்கி, தாடை எலும்பு வழியாக ஏறி, காய்ச்சின கம்பியைப் போலக் காதுக்குள் இறங்கியது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்கவில்லை. கஞ்சியை உறிஞ்சத்தான் முடிந்தது.

“பல்லைத்தானே புடுங்கினாங்க? காது ஏன் வலிக்குது?” என்றாள் மனைவி ஜோசஃபின். “காதுலதான் ஏதோ புண்ணு. சும்மா இருங்க, நான் பாக்கறேன்.” நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சி, பதமாக ஆறவைத்து, இடது காதில் விட்டுப் பஞ்சை அடைத்தாள். வலி போகவில்லை. காது அடைத்துக்கொண்டதுதான் மிச்சம். யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது.

அன்றைக்குத்தான் அங்காளம்மா கேஸ் வாய்தா.

அங்காளம்மா நீலசந்திராவிலிருந்து பங்களாக்களின் குதிரைகளுக்குப் புல் அறுத்துக் கொண்டுபோய்ப் போடுகிறவள். ஒரு பங்களாவில் லாயத்துக்குப் பக்கத்தில் இருந்த வைக்கோல் போர் எரிந்துபோனது. அவளை வேலையிலிருந்து நிறுத்தப்போவதாக முந்தின நாள் சொல்லியிருந்தார்களாம், அந்த ஆத்திரத்தில் அவளே நெருப்பு வைத்தாள் என்று போலீஸ் பிடித்து உள்ளே வைத்திருந்தது.

தாடையைச் சுற்றி மஃப்ளரைக் கட்டிக்கொண்டு வந்த சில்வெஸ்டரைப் பார்த்து அனந்தபத்மநாபன் பதறிவிட்டார். “இதென்ன கோலம்? லீவ் எழுதிக் கொடுத்துட்டுப் போமய்யா! துபாஷி இல்லேன்னா கேஸ் தள்ளிப்போகும், அவ்வளவுதானே?”

“தள்ளிப்போனா அந்தப் பொம்பளை?” பல்லிடுக்கில்தான் அவரால் பேச முடிந்தது.

“உள்ளேதான் இருப்பா. அடுத்த வாய்தா வரைக்கும்.”

சில்வெஸ்டர் மஃப்ளரை அவிழ்த்து மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். “எனக்கு வலிக்குதுன்னு அவ ஏன் சார் ஜெயில்ல கெடக்கணும்?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கூண்டில் ஏறிய அங்காளம்மா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். துரை இங்கிலீஷில் முதல் கேள்வியைக் கேட்டார். சில்வெஸ்டர் அதைத் தமிழில் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் தாடை வெட்டி இழுத்தது.

“அன்னைக்கிச் சாயந்தரம் லாயத்துக்குப் போனியாம்மா?”

“ஆமாங்க சாமி…”

“வைக்கோல் போர்கிட்டப் போனியா?”

“ஆமாங்க சாமி…”

“நீதான் நெருப்பு வெச்சியா?”

“ஆமாங்க…” என்பது போல ஏதோ காதில் விழுந்தது.

துரையின் பேனா மசியில் தோய்ந்து காத்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால் ‘யெஸ்’ என்ற சொல் எப்போதோ அவர் வாயிலிருந்து போயிருக்கும். இன்றைக்குக் காதில் பஞ்சு. ஆமாங்கவா, இல்லீங்கவா? அவருக்கு நிச்சயமில்லை. பதினெட்டு வருஷப் பெருமை ஒரு பக்கம், அந்தப் பெண் ஒரு பக்கம். அரை நிமிஷம் அவர் வாயைத் திறக்கவே இல்லை. மேஜைக்கருகே இருந்த வக்கீல்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு துரையின் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் இங்கிலீஷில் சொன்னார்: “எனக்கு இன்று காது சரியில்லை. இந்தப் பெண் சொன்னது தெளிவாகக் கேட்கவில்லை. கூண்டுக்குப் பக்கத்தில் போய் நிற்க அனுமதி வேண்டும்.”

துரை புருவத்தை உயர்த்தினார். “போய் நில்லுங்கள்” என்றார்.

சில்வெஸ்டர் நடந்துபோய்க் கூண்டை ஒட்டி நின்று, நல்ல காதை அவள் பக்கம் சாய்த்தார். அவ்வளவு கிட்டத்தில் நின்று கூண்டில் இருப்பவரின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. உதடு வெடித்திருந்தது. கண் கட்டாந்தரையையே பார்த்தது.

“எனக்குக் காது மந்தம்மா, பல்லைப் புடுங்கிட்டாங்க” என்றார். “மறுபடி கேக்கறேன், கோவிச்சுக்காதே. நீதான் நெருப்பு வெச்சியா?”

அவள் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினாள். வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள்.

“ஆமாங்க சாமி… அப்பிடித்தான் சொல்றாங்க.”

சில்வெஸ்டருக்கு வலி ஒரு கணம் மறந்துபோனது. பத்தடி தூரத்திலிருந்து கேட்டிருந்தால் ‘ஆமாங்க’ மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கும். அதன் பின்னால் இருந்த முனகல் கூண்டைத் தாண்டியிருக்காது.

“அவங்க சொல்றது இருக்கட்டும். நீ சொல்லு. நீ வெச்சியா?”

“நான் ஏன் சாமி வெக்கறேன்? போறப்பவே பொகஞ்சிக்கிட்டு இருந்திச்சி. குதுரை கட்டிப்போட்டிருந்தாங்க, அது கத்துது. கயித்த அவுக்க வரல, இழுத்து இழுத்து…” சுருட்டியிருந்த முந்தானையை விலக்கினாள். இரண்டு உள்ளங்கைகளும் தோல் உரிந்து, தீப்புண் காய்ந்து கருத்திருந்தன.

“இதை ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?”

“யாரு சாமி கேட்டாங்க? ஏட்டய்யா சொன்னதுக்கெல்லாம் ‘ஆமாங்க, ஆமாங்க’ன்னேன். பெரியவங்க பேசறப்ப வேற இன்னா சொல்றது?”

சில்வெஸ்டர் நிமிர்ந்தார். அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் இங்கிலீஷில் சொன்னார். “பெரியவர்கள் பேசும்போது வேறு என்ன சொல்வது” என்பதையும் விடவில்லை. வாய் முழுதாகத் திறக்காததால் ஒவ்வொரு வாக்கியத்தையும் உடைத்து உடைத்து, நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை காலருக்குள் இறங்கியது. முடித்தபோது கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

துரை அந்தப் பங்களாவின் குதிரைக்காரனை அழைத்துவரச் சொன்னார். மத்தியானம் வந்து நின்ற அந்த ஆள் முதலில் மழுப்பினான். பிறகு, காலையிலிருந்தே போர் புகைந்தது தனக்குத் தெரியும் என்றும், பீடித் துண்டு விழுந்திருக்கலாம் என்றும், குதிரையை அவிழ்த்துவிட்டது அவள்தான் என்றும் ஒப்புக்கொண்டான். அன்றைக்கே அங்காளம்மாவை விட்டுவிட்டார்கள்.

கோர்ட் கலைந்ததும் சில்வெஸ்டர் நேரே டாக்டர் தியோடரிடம் போனார். டாக்டர் பஞ்சை எடுத்துக் காதைப் பார்த்தார், பிறகு வாயைப் பார்த்தார்.

“காதுல ஒண்ணும் இல்ல சார். பல் இருந்த குழியில ரத்தம் கட்டியா ஒறைஞ்சி, மூடி மாதிரி நிக்கணும். அது கழண்டு போச்சி. உள்ளே எலும்பு மூடாம அப்படியே தெரியுது. அந்த வலிதான் நரம்பு புடிச்சிக் காதுக்கு ஏறுது. கொப்புளிச்சீங்களா?”

சில்வெஸ்டர் கூரையைப் பார்த்தார்.

“சுருட்டு?”

சில்வெஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் சிரித்துக்கொண்டே குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெய் தோய்த்த துணித்திரியை உள்ளே வைத்து அடைத்தார். கொஞ்ச நேரத்தில் காதிலிருந்த கம்பியை யாரோ உருவி எடுத்தது போல இருந்தது. அவ்வளவு பெரிய மனிதர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் கஞ்சியைத் தொடவில்லை. “வலி விட்டுச்சின்னீங்களே, அப்பறம் என்ன?” என்றாள் ஜோசஃபின்.

“இத்தினி வருஷமா எத்தினி பேரு ‘ஆமாங்க’ன்னதுக்கு அப்பறம் என்னமோ சொல்லியிருப்பாங்க, ஜோசு? எனக்குக் காது நல்லாத்தான் இருந்திச்சி. நான்தான் நிக்கல.”

ஜோசஃபின் கஞ்சியை மறுபடி சூடாக்கிக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

குழி ஆறச் சில வாரம் ஆயிற்று. தாடை முழுதாகத் திறக்க இன்னும் நாளாயிற்று. டாக்டர் சொன்னபடி காலையும் மாலையும் கண்ணாடி முன் நின்று, கட்டை விரலால் மெல்ல மெல்ல வாயைத் திறந்து பழகினார். காது தெளிந்துவிட்டது. ஆனால் அவர் மேஜைப் பக்கம் திரும்பிப் போகவில்லை. ஒருநாள் துரையே கேட்டார், “காதுதான் குணமாகிவிட்டதே, பழைய இடத்துக்கு வரலாமே?” என்று.

“இங்கிருந்துதான் நன்றாகக் கேட்கிறது” என்றார் சில்வெஸ்டர்.

வேகம் போய்விட்டது என்று சில வக்கீல்கள் குறைப்பட்டார்கள். உண்மைதான். இப்போதெல்லாம் ஒரு சாட்சி ‘ஆமாங்க’ என்றால் அவர் உடனே வாயைத் திறப்பதில்லை. இன்னும் ஏதாவது வருமா என்று காத்திருந்து பார்ப்பார். சந்தேகமிருந்தால் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கேட்பார். “ஓய், உம்மால எனக்கு வீட்டுக்குப் போக லேட்டாறது” என்று அனந்தபத்மநாபன் முணுமுணுப்பார். ஆனாலும் புதிதாக வந்த குமாஸ்தாக்களிடம், “துபாஷின்னா அவர்தாண்டா” என்றுதான் சொல்வார்.

தை மாதத்தில் ஒருநாள் அல்சூர் ரோட்டில் எதிரே ஒரு புல்லுக்கட்டு நடந்து வந்தது. கட்டுக்கு அடியில் இருந்த முகம் அவருக்குத் தெரியவில்லை. கட்டுதான் நின்றது.

“சாமி! பல்லு நோவு போச்சிங்களா?”

“போச்சிம்மா. உன் கை?”

“அது எப்பவோ ஆறிப்போச்சி” என்றாள் அங்காளம்மா. குதிரை பசியோடிருக்கும் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

சில்வெஸ்டர் அதற்குப் பிறகும் பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றார். குளிர்காலத்தில் இடது தாடை கொஞ்சம் இறுகும். அன்றைக்கு மட்டும் வலது பக்கமாக மென்று, மெதுவாகப் பேசுவார். நீலசந்திரா, மர்பி டவுன் ஜனங்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தால், முதலில் வக்கீல் யார் என்று கேட்பதில்லை. “துபாஷி ஐயா இன்னைக்கி இருக்காராமா?” என்றுதான் கேட்பார்கள்.