தவராசா அனுப்பிய அளவுகள்

இந்த ஜெர்மன் சிற்றூரில் எனக்கு இன்னும் பழகாத விஷயம், பெரிய மனிதர்கள் விளையாடுவதற்கும் நேர அட்டவணை வைத்திருப்பதுதான். பக்கத்து வீட்டு வேர்ணர் ஓய்வுபெற்ற தபால்காரர். மாலை நான்கு மணியானால் நிலக்கீழறையில் ரயில்வே தொப்பியைப் போட்டுக்கொண்டு, கணினியில் ரயில் ஓட்ட உட்கார்ந்துவிடுவார். அவர் மனைவி கோப்பியோடு வந்து, “வண்டி நிற்கிறதா?” என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் உள்ளே வருவார். முதலில் பார்த்தபோது சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் நான் இளவயதில் மட்டக்களப்பு வண்டியில் ஃபயர்மேனாக இருந்தவன், நீராவி இஞ்சினுக்குக் கரி போட்டவன் என்று சொன்னதும், மனிதர் எழுந்து தொப்பியைக் கழற்றிவிட்டார். இந்த நாட்டில் எனக்காக அதற்கு முன் யாரும் எழுந்து நின்றதில்லை.

அந்த இஞ்சினின் ஓட்டுநர் அறையைத் திரையில் கட்டுவது என்று தீர்மானித்தோம். நெருப்புக் கதவு, நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய், விசில் கம்பி, எல்லாம் தொட்டால் அசைய வேண்டும். சமாதானப் பேச்சு முறிந்து ஊரில் சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. அகதியாக வந்த எனக்குத் திரும்பும் வழியில்லை. அந்த அறைக்குள் நின்று ஒரு தடவை ஓட்டமாவடிப் பாலத்தைக் கடந்துவிட்டால் போதும் என்றிருந்தது. ரயிலுக்கும் தெருவுக்கும் அந்த ஒரே பாலம்தான். நாங்கள் வந்தால் மீன்பெட்டி கட்டிய சைக்கிள்காரர்கள் காத்து நின்று ஏசுவார்கள். அந்த ஏச்சையும் சேர்க்க வேண்டும் என்றேன். வேர்ணர் குறித்துக்கொண்டார்.

வரைபடம் இருக்கிறதா என்று கேட்டார். தவராசா இருக்கிறான் என்றேன். அது ஏதோ அருங்காட்சியகம் என்று அவர் நினைத்திருக்கிறார். தவராசா என்னோடு ஒரே இஞ்சினில் கரி போட்டவன், ஊரில் எனக்கு மிஞ்சியிருந்த ஒரே கூட்டாளி. பழைய இஞ்சின் ஒன்று ஷெட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடப்பதாக ஒருமுறை எழுதியிருந்தான். அதை அளந்து அனுப்பச் சொன்னேன். ஒரு மாதத்தில் கொப்பித்தாள் நிறைய அளவுகள் வந்தன, அரை அங்குலம்கூட விடாமல்.

ஐந்து மாதம் கட்டினோம். நெருப்புக் கதவு, திரையில் நிற்பவனின் முழங்காலுக்கும் கீழே வந்தது. இது சரியில்லை என்று என் முதுகு அப்போதே சொன்னது. நான் என் முதுகை நம்பாமல் அவன் கையெழுத்தை நம்பினேன். கடைசியில் வேர்ணர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “உங்கள் நாட்டில் குந்திக்கொண்டா கரி போடுவார்கள்?”

தொலைபேசியில் கேட்டபோது தவராசா மறைக்கவில்லை.

“அது என்ர வீட்டுக் குசினி மச்சான். அடுப்பு, ஜன்னல், கதவு எல்லாம் வடிவா அளந்துதான் எழுதினன்.”

“ஏன்டா என்னை ஏமாத்தின?”

“இஞ்சின் கிடக்கிறது இப்ப ஆமிக் காம்ப் வேலிக்குள்ள. அளவு நாடாவோட போன என்னைச் சென்றியில காவல் நிண்டவன் பின்னேரம் வரைக்கும் வெயிலில முழங்காலில இருத்தி வெச்சான். இத போன்ல சொல்லேலுமா, ஒட்டுக் கேப்பாங்கள்? இப்ப சொன்னதே பிழை. நீ மட்டும் என்ன? கொழும்பில கலியாணவீடு எண்டு சொல்லிப்போட்டுத்தானே வெளிநாட்டுக்குப் போன? நான் மூணு நாள் ஸ்டேசனுக்கு வந்து பாத்தன்.”

கலியாணவீட்டுக் கதை உண்மைதான். அவன் வெயிலில் முழங்காலில் இருந்ததும் என்னால்தான். ஆனாலும் கோபம் ஆறவில்லை. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இது சில்லறைக் கோபமாகத் தெரியலாம். அளக்க முடியவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? ஐந்து மாதம் அவனுடைய குசினிக்குள் நின்று விசில் ஊதியிருக்கிறேன்.

இனி யாரையும் கேட்பதில்லை, என் கை மறக்காது என்று வேர்ணரிடம் சொன்னேன். அவருடைய தோட்டத்தில் மண் அள்ளும் சவல் ஒன்றை எடுத்து, கண்ணை மூடி, காலை அகட்டி, கரி வீசுவதுபோல் வீசினேன். அவர் நாடாவோடு நின்று உயரம் பார்த்தார். மூன்று தடவை வீசினேன். மூன்றும் ஒரே உயரம் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வேர்ணர் நாடாவைச் சுருட்டினார். “இப்படி எறிந்தால் கரி இஞ்சின் கூரையில் போய் விழும்,” என்றார். “இது வேலிக்கு மேலால் பனி எறிகிற வீச்சு.”

இந்த ஊர்த் தெருக்களில் இருபது குளிர்காலம் சவலால் பனி அள்ளியவன் நான். கண்ணைத் திறக்காமல் இன்னொரு தடவை, தாழ்த்தி வீசப் பார்த்தேன். கை பனியைத்தான் எறிந்தது.