கிழக்கு பார்த்த நிழற்குடை

அன்று அங்கே இருந்தவர்கள்: படம் பிடிக்க வந்த ஓவர்சீயர், கான்ட்ராக்டர், கொத்தனார், என் மனைவி, நான், நிழற்குடைக்குள் படுத்திருந்த ஓர் ஆடு. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், என் டீக்கடைக்குக் கொஞ்சம் தள்ளி, அரசுப் பணத்தில் கட்டிய பேருந்து நிழற்குடை அது. கட்டி முடித்ததிலிருந்து அதைத் தவறாமல் பயன்படுத்தியது அந்த ஆடு மட்டும்தான்.

காரணம், சாலை மேற்கே இருந்தது. வாஸ்துப்படி வாசல் கிழக்கு பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று கான்ட்ராக்டர் ஒரே பிடியாக நின்று கட்டினார். உள்ளே உட்கார்ந்தால் வேர்க்கடலைக் கொல்லை நன்றாகத் தெரியும். பஸ் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

ஓவர்சீயர் சுற்றி வந்து பார்த்தார். "ஏன்யா, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கினு நிக்குது?"

"மேக்கால வெயில் ஜாஸ்தி சார். ஜனங்க தாங்க மாட்டாங்க" என்றார் கான்ட்ராக்டர்.

"பாரத்துல செலவு எழுதிட்டேன். பயன்னு ஒரு கட்டம் காலியா கெடக்கு. ஆளுங்க உக்காந்திருக்கிற மாரி போட்டோ இல்லன்னா பில்லு பாஸாவாது."

வேலையாட்கள் குடித்த டீயெல்லாம் கான்ட்ராக்டர் கணக்கு. பில் பாஸானால்தான் எனக்குப் பணம். ஆனால் ஜனம் உண்மையிலேயே அங்கே போய் நிற்கத் தொடங்கினால், பஸ் என் கடை வாசலில் நிற்காது, வியாபாரம் படுத்துவிடும். ஆறாம் வகுப்போடு நின்றவன், இந்த லாப நஷ்டத்தைப் போட்டுப் போட்டுத் பல ராத்திரி தூக்கம் கெட்டிருந்தேன். கட்டியவர்கள் நன்றாகத்தான் தூங்கினார்கள்.

அந்த நேரம் பார்த்து சிதம்பரம் பஸ் வழக்கம்போல் என் கடை முன் வந்து நின்றது. கான்ட்ராக்டர் ஓடினார்.

"எல்லாரும் எறங்கி வந்து ரெண்டு நிமிசம் உள்ள உக்காருங்க! டீ ஃப்ரீ!"

பஸ்ஸே காலியானது. கண்டக்டர்கூட இடம் பிடித்தார்.

"யாரு கணக்குல?" என்றாள் என் மனைவி.

"என் கணக்குதான் தங்கச்சி. மச்சான், எழுதிக்க."

கடன் சொல்லும்போது மட்டும் அவருக்கு நான் மச்சான்.

படத்தில் அத்தனை பேரும் கையில் டீயோடு, பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைக் கொல்லையை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயன் கட்டம் நிரம்பியது. பில்லும் பாஸானது.

பணம் வரவில்லை. சிதம்பரத்தில் ஒரு சமுதாயக் கூடத்துக்குக் கான்ட்ராக்டர் அஸ்திவாரம் தோண்டுகிறார் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போனேன்.

"அந்தக் காசு இங்க சிமெண்டாப் போயிடுச்சு மச்சான். இது பாஸாவட்டும்."

போட்டோவுக்குக் கொடுத்த டீயையும் சேர்த்து, எனக்கு இன்னும் வர வேண்டியது இரண்டாயிரத்து அறுநூற்று எழுபது ரூபாய்.