நசரத்பேட்டை தண்ணீர்த் தொட்டியும் நாற்பத்தைந்து டிகிரியும்

பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் புரியவில்லையா? மொபைலும் கொடிக்கயிறும் எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பாருங்கள். போன சனிக்கிழமை நாங்கள் போனோம். ஒரு பக்கம் ஒன்பது கிலோமீட்டர், போய்வர நாலரை மணி நேரம், ஆளுக்கு நாற்பது ரூபாய். என் பெயரைப் போடவில்லை. அம்மாவின் போனில், வெளிச்சத்தைக் குறைத்துவைத்து, எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனதற்குக் காரணம் காலாண்டுத் தேர்வு. கணக்கில் எனக்கு முப்பத்தொன்று. நான் மட்டுமில்லை, வகுப்பில் பாதிப் பேர் 'உயரங்களும் தூரங்களும்' கேள்வியைத் தொடவே இல்லை. "கட்டடத்தையே பாக்காம கட்டடத்தோட உயரத்த எப்படிடீ கண்டுபுடிப்பீங்க?" என்று கேட்டார் கணக்கு மிஸ். சாய்வுக் கோணத்தை அளக்கும் ஒரு செயலியைக் காட்டி, நிஜமான மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை அளக்கப் போவோம் என்றார். வர விரும்புகிறவர்கள் வீட்டில் ஒப்புதல் சீட்டில் கையெழுத்து வாங்கிவர வேண்டும்.

அப்பாவிடம் கேட்டேன்.

"ரோட்ல போன தூக்கிகினு நிக்கறதுதான் கணக்கா? நாலு பேர் பாத்தா இன்னா சொல்வான்? உனக்கு கணக்கு வராது, வுடு. பிளஸ் ஒன்ல வேற குரூப் எடுத்துக்கோ."

எனக்கு வேண்டியது கணக்குப் பிரிவுதான். முப்பத்தொன்று வாங்கியவள் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? அன்று மாலை அப்பாவின் கையெழுத்தை நானே போட்டேன். ரேஷன் அட்டை விண்ணப்ப நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாலு முறை பழகிவிட்டுப் போட்டேன். மாட்டினால் இந்தப் பயணம் மட்டுமில்லை, கணக்குப் பிரிவும் அதோடு போய்விடும் என்று தெரிந்தேதான் செய்தேன்.

இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஓட்டுவது திருவேற்காடு - பூந்தமல்லி தடத்தில். எங்களுக்கும் அதே தடம்தான்.

அதனால் முதல் கணக்கை வீட்டிலேயே போட்டேன். அப்பாவின் முதல் சவாரி காலை 7.30. ஐந்து கிலோமீட்டர் போக 25 நிமிடம், ஆள் ஏற 20 நிமிடம். ஆக 8.15-க்குப் பூந்தமல்லியிலிருந்து திரும்புவார், 8.40-க்குத் திருவேற்காடு வருவார். நாங்கள் 8.15-க்குத் திருவேற்காட்டில் ஏறினால் எந்த நிறுத்தத்திலும் அவரைப் பார்க்க வேண்டியதில்லை. வழியில் ஏறத்தாழ 8.27-க்கு எதிரெதிரே கடப்போம். அந்த நேரம் குனிந்துகொண்டால் போதும். "வெயில் ஏறறதுக்குள்ள போய்டலாம் மிஸ், எட்டேகாலுக்கே கிளம்பலாம்" என்றேன். மிஸ் என்னைப் பொறுப்பான பெண் என்று பாராட்டினார்.

மாணவிகள் ஆறு பேர், மிஸ் ஒருவர். ஷேர் ஆட்டோவில் தலைக்கு இருபது ரூபாய். 8.26-க்கே நான் குனிந்துவிட்டேன்.

"இன்னாடி தேடற?" என்றாள் ஷமீமா. அளப்பதில் என் ஜோடி அவள்தான். பூந்தமல்லியில் அவர்களுக்குப் பாத்திரக்கடை இருக்கிறது.

"கிளிப்பு வுழுந்துடுச்சி."

"தலைலதான்டி கீது, லூசு."

8.29-க்கு எதிரே அப்பாவின் ஆட்டோ ஹாரன் அடித்தபடி கடந்தது. அந்த ஹாரன் சத்தம் எனக்குத் தெரியும். இரண்டு நிமிடம்தான் பிழை! வாழ்க்கையில் நான் போட்ட கணக்கு ஒன்று முதன்முறையாகச் சரியாக வந்திருந்தது.

பூந்தமல்லியில் இறங்கி, பெண்களுக்குக் கட்டணமில்லாத பேருந்தில் நசரத்பேட்டை போனோம். நாலு கிலோமீட்டர், கால் மணி நேரம். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே 700 மீட்டர் நடந்தால் தொட்டி. சாலையைக் கடக்கும் இடத்தில் லாரிகள் நிற்காமல் வரும், கவனம்.

மிஸ் முன்பே சொல்லிவைத்திருந்தும் வாயிலில் ஆபரேட்டர் அண்ணன் மறித்தார்.

"ரீல்ஸ்லாம் இங்க எடுக்கக் கூடாதும்மா."

"கணக்கு பண்ண வந்துகிறோம்ண்ணா" என்றாள் ஷமீமா.

"டேங்க்ல இன்னாமா கணக்கு? தண்ணி வந்தா வரும், வராட்டி வராது. அதான் கணக்கு." சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். ஏணிப் பக்கம் மட்டும் போகக் கூடாது என்றார்.

வேலை இதுதான். தொட்டியின் உச்சியில் நடுவே ஓர் இடிதாங்கிக் கம்பி. அதன் நுனி தரையிலிருந்து எவ்வளவு உயரம்? மூன்று ஜோடிகள், ஜோடிக்கு ஒரு மொபைல். மொபைலின் ஓரத்தில் ரப்பர் பேண்டால் ஓர் உறிஞ்சுகுழலைக் கட்டி, அதன் வழியே நுனியைப் பார்த்தால் திரையில் கோணம் வரும். மற்ற இரண்டு ஜோடிகளும் ஓரிடத்தில் நின்று, கோணத்தைக் குறித்து, டேன் அட்டவணையைப் புரட்ட ஆரம்பித்தார்கள்.

எனக்கு அந்த அட்டவணையைப் பார்த்தாலே கண் இருட்டும். எனக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்றுதான்: டேன் 45 என்றால் ஒன்று. டேன் என்பது உயரத்தைத் தூரத்தால் வகுத்தது; அப்படியானால் கோணம் 45 ஆகும் இடத்தில் நின்றுவிட்டால் உயரமும் தூரமும் சமம். அட்டவணையே வேண்டாம்!

குழல் வழியே பார்த்தபடி பின்னால் நடந்தேன். 58, 53, 49. ஷமீமா என் சுடிதாரைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள். "பள்ளம்டி! இந்தாண்ட வா. சாணி, சாணி!" 45 வந்ததும் அசையாமல் நின்றேன்.

தூரத்தை மொபைல் வரைபடத்தில் பார்த்தால் ஒரு தடவை 15 மீட்டர், அடுத்த தடவை 22 என்றது. சின்னத் தூரத்துக்கு அது உதவாது. மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கொண்டுபோயிருந்த கொடிக்கயிற்றால் அளந்தோம். வெளித்தூண் வரை 17 மீட்டர். கம்பி இருப்பது நடுவில் என்பதால் தொட்டியின் அகலத்தையும் அளந்து அதில் பாதியைச் சேர்த்தோம், 3 மீட்டர். கூட்டினால் 20. நான் பார்த்தது தரையிலிருந்து இல்லை, என் கண்ணிலிருந்து. என் கண் உயரம் 1.45. மொத்தம் 21.45 மீட்டர்.

மற்றவர்களில் ஒரு ஜோடிக்கு 27 வந்தது. அவர்கள் மொபைலின் உறைக்குப் பின்னால் விரல் மாட்டும் வளையம் இருந்ததால் குழல் சாய்ந்திருந்தது. இன்னொரு ஜோடிக்கு 19.9. கண் உயரத்தைக் கூட்ட மறந்துவிட்டார்கள். மூன்றையும் சாக்பீஸால் தரையில் எழுதிவிட்டு மிஸ் ஆபரேட்டரைக் கூப்பிட்டார்.

"மீட்டர்லாம் எனக்குத் தெரியாது டீச்சர். குளோரின் போட நான் ஏர்றது அறுவத்தஞ்சு படி. படிக்கு ஒரு அடி. மேல கம்பி ஓர் அஞ்சடி இருக்கும்."

எழுபது அடி. ஷமீமா மொபைலில் மாற்றினாள்: 21.34 மீட்டர்.

பதினோரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம்! ஷமீமா கத்தியதில் தொட்டிமேல் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. "டீச்சர், இந்தப் பொண்ண எங்க ஆபீசுக்கு அனுப்புங்க" என்றார் ஆபரேட்டர். மிஸ் என் தோளைத் தட்டி, "இந்த வழிய நானே யோசிக்கல" என்றார்.

திரும்பும்போதும் கணக்கு வைத்திருந்தேன். அப்பா 12.25-க்குத்தான் பூந்தமல்லி வருவார், நாங்கள் 12.10-க்கே ஏறிவிடலாம். மறந்தது ஒன்றுதான். ஷேர் ஆட்டோவுக்கு நேரம் கிடையாது, நிரம்பினால் கிளம்பிவிடும். அன்று முகூர்த்த நாள். எல்லா ஆட்டோவும் ஐந்தே நிமிடத்தில் நிரம்பியிருக்கிறது. வரிசையில் முதலில் நின்றது அப்பாவின் ஆட்டோ. மிஸ் அதற்குள் ஏறி, அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

"ஏய், உங்கப்பாடி!" என்றாள் ஷமீமா.

ஏறிக் கடைசி மூலையில் உட்கார்ந்தேன். ஷமீமா சொன்னது மிஸ் காதிலும் விழுந்திருந்தது; வண்டி கிளம்பியதும் அப்பாவிடம் பேச ஆரம்பித்தார். "கையெழுத்து போட்டு அனுப்புனதுக்கு ரொம்ப தேங்க்ஸ்ங்க. நிறைய வீட்ல அனுப்பல."

கண்ணாடியில் அப்பாவின் கண் என்னைத் தேடிக் கண்டுபிடித்தது. ஒரு வேகத்தடை போனது. இன்னொன்றும் போனது.

"ஆமா டீச்சர்" என்றார் அப்பா. "நான்தான் போட்டேன்."

ஷமீமாவுக்கு எதுவும் தெரியாது. வழி முழுக்க எழுபது அடிக் கதையைச் சொன்னாள். அப்பா குறுக்கே ஒரே ஒரு கேள்வி கேட்டார், என்னிடம். "அந்தாளு படிய சொல்றதுக்கு முன்னாடியே உனக்கு விடை வந்துச்சா, பின்னாடியா?"

"முன்னாடியேப்பா."

முன்னால் ஒரு வண்டியும் இல்லை. இருந்தாலும் அப்பா நீளமாக ஒரு ஹாரன் அடித்தார்.

திருவேற்காட்டில் எல்லோரும் இறங்கிப் போன பிறகு கூப்பிட்டார். "என் கையெழுத்து அவ்ளோ அழகா இருக்காது. இன்னொரு தபா இப்டி பண்ண, தொலைச்சிடுவேன். சீட்ட என்னாண்ட குடு, நானே போடறேன்." வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, "குரூப்பு இன்னா எழுதப் போற?" என்றார்.

"கணக்குப்பா."

"எழுது. கையெழுத்து விஷயம் உங்கம்மாவுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் சோறு கெடைக்காது."

அதனால்தான் இந்த ஒளிவுமறைவு.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். காலை பத்து மணிக்குள் அளந்துவிடுங்கள், பிறகு வெயிலில் திரை தெரியாது. மொபைல் உறையைக் கழற்றிவிடுங்கள். கயிற்றில் முந்தின நாளே முடிச்சுப் போட்டு, ஸ்கேலால் சரிபாருங்கள். கண் உயரத்தை மறக்காதீர்கள். பின்னால் நடக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு தோழி கட்டாயம் வேண்டும். தண்ணீர் பாட்டில் ஆளுக்கு ஒன்று.

கையெழுத்தை மட்டும் நீங்களே போடாதீர்கள். அப்பாவிடம் நான் கேட்டது ஒரே ஒரு தடவை. கையெழுத்தை நாலு முறை பழகினேன். அதற்குப் பதில் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.