கதவுக்கு வெளியே விட்ட சப்பாத்துகள்

மலைக்குடிலுக்குப் போகும் யோசனை என் வீட்டுக்காரருடையது. பிறம்ரனில் அவர் வேலைசெய்த வேர்ஹவுஸின் சூப்பவைசர், கனடாவிலேயே பிறந்த வெள்ளைக்காரப் பெண், குளிர்காலத்தில் ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு மலைமேலிருக்கும் மரக்குடிலுக்குப் பனியில் நடந்து போவாளாம். இந்த முறை எங்களையும் கூப்பிட்டாள். ஊரில் போர் முடிந்துகொண்டிருந்த குளிர்காலம் அது. வன்னிக்குள் அகப்பட்டிருந்த என் அக்காவை நினைத்தபடி நான் நாள் முழுக்க ரீவிக்கு முன்னால் இருந்தேன்.

"இஞ்சேர், ரெண்டு நாள் வெளிய போட்டு வருவம். இப்பிடியே இருந்தா உனக்கு விசர் பிடிச்சிடும்."

"அங்க சனம் சாகுது. நீங்கள் பனியில விளையாடக் கூப்பிடுறியள்" என்று பாய்ந்தேன்.

முந்தின ஞாயிறு அக்கா யாருடையதோ சற்றலைற் போனுக்கு வரிசையில் நின்று ஒரு நிமிடம் கதைத்திருந்தாள். வாற ஞாயிறும் இதே நேரம், எங்களுக்குக் காலை எட்டு மணிக்கு, எடுக்கப் பார்ப்பதாகச் சொன்னாள். எனக்கு அந்தக் குரல் வேண்டும், வேறொன்றும் வேண்டாம். அதற்கும் அவரிடம் மறுமொழி இருந்தது. மல்வேர்னில் எங்களுக்குப் பக்கத்துக் கதவு அன்ரி எங்கள் வீட்டுப் போனுக்குக் காவல் இருப்பா. அக்கா எடுத்ததும் த்ரீவே போட்டு என் செல்போனோடு இணைத்துவிடுவா. இப்படி ஒரே அழைப்பில் மூன்று வீட்டார் கதைப்பதில் எங்கள் சனத்தை யாரும் வெல்ல முடியாது. குடிலுக்குள் சிக்னல் இல்லையாம், ஆனால் பின்னாலிருக்கும் மேட்டில் ஏறினால் நன்றாகக் கிடைக்குமாம். வீட்டிலென்றால் போனுக்குப் பக்கத்தில் இருக்கப்போகிறேன், அங்கே போனைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறேன். என்ன பெரிய வித்தியாசம் என்று வெளிக்கிட்டேன்.

பனியில் புதையாமலிருக்க ஸ்னோஷூவைச் சப்பாத்தோடு சேர்த்துக் கட்டவேண்டும். சுளகைக் காலில் கட்டிக்கொண்டு நடப்பதுபோல இருந்தது. சூப்பவைசர் முன்னால் பாதை போட, நாங்கள் பின்னால் விழுந்து எழும்பிப் போனோம். இவர் முதுகில் இடியப்பப் பெட்டி, சம்பல் போத்தல், பொரித்த மீன் என்று ஒரு கலியாணவீட்டுச் சாப்பாடு. அவளோ ஒரு பக்கற் சூப்போடு வந்திருந்தாள். வழியில் காடு அமைதியாக, வெள்ளையாக, அழகாகத்தான் இருந்தது. எனக்கு அது தேவைப்படவில்லை.

குடில் ஒரே அறை. நடுவில் விறகு அடுப்பு. சாப்பிட்டதும் சூப்பவைசர் படுத்துவிட்டாள். அடுப்படியில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்த சப்பாத்துகளைப் பார்த்து இவர் முகத்தைச் சுளித்தார்.

"சாப்பிட்டுப் படுக்கிற இடத்தில ஊத்தைச் சப்பாத்தோ?"

மல்வேர்னில் எங்கள் மாடி முழுக்க அப்படித்தான். ஒவ்வொரு கதவுக்கும் வெளியே சப்பாத்துகள் குவிந்து கிடக்கும், கட்டடக்காரர் நோட்டீஸ் ஒட்டி அலுத்துவிட்டார். இவர் எங்கள் இரண்டு சோடியையும் தூக்கிப்போய்க் கதவுக்கு வெளியே ஒழுங்காக அடுக்கிவிட்டு வந்தார். சூப்பவைசரின் சோடியை மட்டும் கேளாமல் தொடக்கூடாதென்று விட்டுவிட்டார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

காலையில் எடுத்தால் இரண்டு சோடியும் கல்லு. நடந்த வியர்வையும் பனியீரமும் உள்ளே உறைந்து, கால்விரல்கூடப் போகவில்லை. சூப்பவைசர் தன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடைக்குத் தண்ணீர் அள்ளப் போய்விட்டாள். இவர் சப்பாத்தை அடுப்புக்கு மேலே பிடித்தார், உதறினார், கையை விட்டுக் குடைந்தார். அது இளகுவதாக இல்லை. எட்டு மணி நெருங்கிக்கொண்டிருந்தது.

"அறுவானே! உங்கட சுத்தமும் நீங்களும்!" என்று கத்தினேன். அவருக்கு அழுகை வந்துவிட்டது. இடியப்பம் சுற்றிவந்த பிளாஸ்ரிக் பைகளை என் காலுறைகளுக்கு மேலே இழுத்துவிட்டு, ஸ்னோஷூவை அதோடு சேர்த்துக் கயிற்றால் வரிந்து கட்டினார். "ஓடு" என்றார். அதைக் கட்டிக்கொண்டு ஆரால் ஓட முடியும்? இரண்டு தரம் அவிழ்ந்தது. மேட்டுக்கு ஏறியபோது கால்களில் உணர்வே இல்லை. போனில் சிக்னல் வந்ததும் மணி அடித்தது. அன்ரி.

"எங்கை பிள்ளை நிண்டனீ? எத்தினைதரம் த்ரீவே போட்டனான். அக்கா கொஞ்சநேரம் பாத்துக்கொண்டு நிண்டவ, பிறகு லைன் கட்டாப் போட்டுது."

"சுகமாமோ அன்ரி?"

"ஓம் ஓம், சுகமாம். திரும்ப எடுப்பா."

எடுக்கவில்லை. வைகாசியில் போர் முடிந்தது. முகாம்களிலிருந்து வந்த அழைப்பு எதிலும் அக்கா இல்லை. அவளோடு பதுங்குகுழியில் இருந்தவர்கள் சொன்ன செய்திதான் கடைசியில் வந்தது. செத்தவீட்டுக்கு வந்த சனம் சப்பாத்துகளை வாசலில் குவித்துவிட்டு உள்ளே வந்தார்கள். இவர் அந்தக் குவியலைப் பார்க்கமாட்டாமல் பல்கனியில் போய் நின்றார்.

எல்லாரும் போனபிறகு அன்ரியைப் பிடித்து இருத்தினேன். அக்கா அன்று சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு வேண்டுமென்றேன். அன்ரி முதலில் மழுப்பினா. பிறகு சொன்னா:

"நீ எங்கையெண்டு கேட்டவ, பிள்ளை. பனியில நடக்கப் போட்டாளெண்டு அவவுக்கு எப்பிடிச் சொல்லுறது? வேலைக்குப் போட்டாள் எண்டு சொன்னனான். 'ஞாயிற்றுக்கிழமையும் வேலையோ? பாவம், அந்தக் குளிருக்குள்ள' எண்டு சொல்லி அழுதவ."