எங்கள் வம்சத்தில் கிடையாது

இந்த ஊர் ஆஸ்பத்திரியில் கர்ப்ப ஸ்கேனுக்கு முன்னால் ஒரு பெண் வந்து உட்கார்ந்து குடும்பக் கதை கேட்கிறாள். டொரண்டோ வந்து இரண்டு வருஷமாகியும் இதெல்லாம் எனக்கு விசித்திரம்தான். "நீங்கள் இருவரும் உறவா?" என்றாள். "ஆமாம், கல்யாணமாகிவிட்டது" என்றார் என் கணவர். கல்யாணத்துக்கு முன்னால் என்று அவள் விளக்க வேண்டியிருந்தது. அத்தை மகன் என்றேன். "குடும்பத்தில் குழந்தைகள் இறந்திருக்கிறார்களா?" "இல்லை" என்றார் கணவர்.

சென்னை அஸ்தினாபுரத்தில் இருந்தபோது, முதல் பிள்ளைக்கு ஏழாம் மாதம், குரோம்பேட்டை ஸ்கேன் சென்டரில் டாக்டரும் இதையேதான் கேட்டார். என்னை இல்லை, கூட வந்த அத்தையை. "தொடை எலும்பு ரொம்பக் குட்டையா இருக்கும்மா. ஹார்ட்டும் சரியாத் தெரியல. உங்க வீட்ல இப்படிப் பொறந்து தவறியிருக்கா?"

"எங்க வம்சத்துல அதெல்லாம் கிடையாது சார். பையனா பொண்ணா, அத மட்டும் சொல்லுங்க."

சட்டப்படி சொல்லக் கூடாதுதான், ஆனாலும் பையன் என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னதை அத்தை ஆட்டோ ஏறுவதற்குள் மறந்துவிட்டாள். பிறந்தவனுக்கு இரண்டு கையிலும் ஆறு விரல். அதிர்ஷ்டக்காரன் என்று வார்டு முழுக்கச் சொன்னாள். மூச்சுவிட முடியாமல் நீலம் பாய்ந்து மூன்றாம் நாள் போய்விட்டான். பெயர்கூட வைக்கவில்லை. புதைத்துவிட்டு வந்த அன்று நாத்தனார், "அழாதீங்க அண்ணி, அம்மாவுக்கும் ரெண்டு இப்படித்தான் போச்சாம், ஆறு விரலோட" என்றாள். "வெளியில சொன்னா உன்னை எவன்டி கட்டுவான்?" என்று அத்தை அவள் வாயை அடைத்தாள். என் கணவருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. ஊரில் இருக்கும் நீங்கள் இதைக் குடும்ப மானம் என்பீர்கள். எனக்கு அருவருப்புதான்.

"மூன்று குழந்தைகள்" என்றேன் அந்தப் பெண்ணிடம். "அத்தைக்கு இரண்டு, எனக்கு ஒன்று."

"ஏன்டி மானத்த வாங்குற?" என்றார் கணவர், தமிழில். "இங்க நம்மள யாருக்குத் தெரியும்?"

"தெரியாதவங்ககிட்டதானே சொல்றேன்."

சொன்னதால்தான் ஒரு மணி நேரம் இதயத்தையும் எலும்புகளையும் அளந்து பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. கைக்கு ஐந்தே விரல். போனில் சொன்னபோது அத்தை, "பாத்தியா, நம்ம வம்சத்துல ஒரு குறையும் கிடையாதுன்னு அப்பவே சொன்னேனே" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

அந்தப் பெண் எங்கள் பதில்களை வைத்து வரைந்த வம்ச வரைபடத்தின் நகல் ஒன்றை கேட்டு வாங்கிவந்தேன். ஆண் என்றால் சதுரம், இறந்திருந்தால் குறுக்கே ஒரு கோடு. தாம்பரத்துப் பக்கம் ஒரு கல்லும் இல்லாமல் மண்ணுக்குள் கிடக்கிறான் என் மகன். எங்கள் வம்சத்தில் அவன் பிறந்தான் என்று இந்தக் குளிர் ஊரின் காகிதத்தில்தான் இருக்கிறது.